ஞானமக்காவின் பொயின்ற்ஸ்

எங்கள் கந்தோரில் யாருக்காவது விமான ரிக்கெற் வேண்டுமென்றால் ஞானமக்காவிடம் போனால் போதும். எந்த விமானம் எந்த ஊரில் இறக்கி எவ்வளவு நேரம் காக்கவைக்கும், எங்கே சைவச் சாப்பாடு கிடைக்கும், கைக்குழந்தையோடு வருகிறவருக்கு எந்த இருக்கை வசதி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. யாழ்ப்பாணத்தில், கொக்குவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருப்பார். அவர் மட்டும் விமானத்தில் ஏறியதில்லை. கடவுச்சீட்டு என்று ஒன்று வைத்திருந்தார். அது வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

முழுப்பெயர் ஞானாம்பிகை. எங்களுக்கெல்லாம் ஞானமக்கா. முதலாளி கோபிசங்கருக்கு மட்டும் அன்ரி. கோபிசங்கர் இலண்டனில் வளர்ந்தவர். அங்கேயுள்ள சின்னச் சின்னக் கடைகளின் கணக்கு வழக்குகளை இங்கே குறைந்த சம்பளத்துக்குச் செய்து கொடுப்பதுதான் எங்கள் கம்பனியின் தொழில். நான் மேர்சி, அந்தக் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பு. என் மேசைக்கும் ஞானமக்காவின் மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் போத்தல் நிற்கும், அவ்வளவுதான் தூரம். ஆகவே அவருடைய கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. எனக்கு வாய் கொஞ்சம் பொல்லாதது என்று என் கணவர் சொல்வார். இந்த விஷயத்தில் அது போதவில்லை என்பதுதான் என் கவலை.

ஞானமக்காவுக்கு ஒரே மகன், யதுசன். பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு முகவரைப் பிடித்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் பொடியனை இங்கே வைத்திருக்கப் பயம். அங்கே அகதியாகப் பதிந்து, வதிவிடக் காட் எடுத்து, பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறான். பிரெஞ்சு அரசாங்கம் அவனுக்கு ஒரு பயணப் புத்தகம் கொடுத்திருக்கிறது. இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. தகப்பன் சீவரத்தினம் மாஸ்டர் செத்தபோது அவன் வரமுடியவில்லை. மாஸ்டரின் தமையன் மகன், பெறாமகன்தான் கொள்ளி வைத்தான். யதுசன் அதை ரெலிபோனில் பார்த்தான். தாய் பிரான்சுக்குப் போக விசா கேட்டார், கொடுக்கவில்லை. மறுபடி கேட்டார், மறுபடியும் கொடுக்கவில்லை. பிறகு கேட்கவில்லை. "களைச்சுப்போனன் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லை அவர் அடிக்கடி சொல்வார். எதற்குச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

இனிப் பொயின்ற்ஸ் கதைக்கு வருகிறேன். விமானக் கம்பனிகள் மைல்ஸ் என்று ஒன்று கொடுக்கும். அது பறக்கிறவருக்குப் போகும். நாங்கள் ரிக்கெற் எடுக்கிற இணையத்தளம் பொயின்ற்ஸ் என்று இன்னொன்று கொடுக்கும். அது பறக்கிறவருக்கு இல்லை, இருந்து பதிவுசெய்கிறவருக்கு. கம்பனி தொடங்கிய புதிதில் ஞானமக்கா தன் பெயரில்தான் அந்தக் கணக்கைத் திறந்தார், ஏனென்றால் அது யாரோ ஒருவருடைய பெயரைக் கேட்டது, மற்ற எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு கோபிசங்கர் மாதத்துக்கு ஒருமுறை பறந்தார். பங்காளிகள் பறந்தார்கள், பங்காளிகளின் மச்சான்மார் பறந்தார்கள். ஞானமக்கா மூலையில் இருந்த அந்தப் பொயின்ற்ஸ் இலக்கத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் அவருடைய கணினியில் ஒரு பற்றுச்சீட்டுத் தேடப் போன நான்தான் கண்டேன்.

"அக்கா, உங்கடை பேரிலை இவ்வளவு கிடக்கு. உதிலை சென்னைக்குப் போய்வரலாம்."

"சும்மா போ பிள்ளை" என்றார். ஆனால் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது, "சென்னைக்கெண்டு சொன்னனீ, என்ன?" என்று கேட்டார்.

சென்னை என்றதும் அவருக்கு ஏன் பொறி தட்டியது என்று எனக்கு விளங்கியது. பாரிசில் ஓகஸ்ற் மாதம் பாதிக் கடைகளைப் பூட்டிவிடுவார்கள். யதுசனின் முதலாளியும் பூட்டுவான். அவனுக்கு வருடத்தில் லீவு என்று இருப்பது அந்த ஒரு மாதம்தான். இந்தியாவுக்கு விசா எடுத்துச் சென்னைக்கு வந்தால், தாய் பலாலி விமான நிலையத்தில் ஏறி அங்கே போய் இறங்கலாம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. பெற்ற பிள்ளையைப் பார்க்க மூன்றாவது நாட்டில் வாடகை வீடு எடுக்கிறோம், என்ன செய்வது. மகன் முன்பும் கேட்டிருந்தான், "நான் ரிக்கெற் போடுறன், வாங்கோ" என்று. ஞானமக்காவுக்கு மனமில்லை. மகனின் காசில் போய் மகனைப் பார்ப்பதா என்று ஒரு வீம்பு. இப்போது தன் வேலையில் தானாக வந்து சேர்ந்த ஒன்று இருக்கிறது என்றதும் முகம் மாறிவிட்டது. அன்றிரவே மகனுக்குச் சொன்னார். அவன் ஒரு கிழமைக்குள் விசாவுக்கு எழுதி, ஓகஸ்றுக்கு ரிக்கெற்றும் எடுத்துவிட்டான். திருப்பிக் கொடுக்க முடியாத மலிவு ரிக்கெற்.

இவ்வளவும் சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகு ஞானமக்கா செய்ததை யாழ்ப்பாணத்தில் பிறக்காத ஒருவர் செய்யமாட்டார்.

எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் பிரேதம் விமானத்துக்குக் காத்திருக்கும். பிள்ளைகள் கனடா, ஜேர்மனி, நோர்வே என்று இருப்பார்கள். அவர்கள் வரும்வரை பெட்டியை மூடமாட்டார்கள். கொக்குவிலில் யாராவது கண்ணை மூடினால் முதலில் ஐயருக்குச் சொல்வார்கள், அடுத்ததாக ஞானமக்காவுக்கு. அவர் அதே கணக்கில் ரிக்கெற் தேடிக் கொடுப்பார், காசை அவர்கள் தங்கள் கிரெடிட் காட்டில் கட்டுவார்கள். அந்த ரிக்கெற்றுகளுக்கும் பொயின்ற்ஸ் விழுந்திருந்தது. அதை உணர்ந்த நாளிலிருந்து ஞானமக்காவுக்கு நித்திரை இல்லை.

"மேர்சி, உதுக்குள்ளை செத்தவீட்டு ரிக்கெற்றிலை வந்ததும் கிடக்கு."

"கிடந்தால் என்ன?"

"எத்தினை வரியத்துக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்கப் போறன். பிரேதம் கிடக்கேக்கை வந்ததை எடுத்துக்கொண்டு போறதோ?"

"பொயின்ற்ஸுக்குத் துடக்கு இல்லை அக்கா" என்றேன். நான் கத்தோலிக்கம், இந்தத் துடக்கு, தீட்டுக் கணக்கெல்லாம் எனக்கு ஓடாது. அவர் சிரிக்கவில்லை. அதைப் பிரித்து ஒதுக்கவேண்டும் என்று நின்றார். கந்தோர் ரிக்கெற்றில் வந்தது வேறாக, செத்தவீட்டு ரிக்கெற்றில் வந்தது வேறாக. பழைய பதிவுகளை அப்படிப் பிரித்துப் பார்க்கும் அனுமதி முதலாளியின் கடவுச்சொல்லுக்கு மட்டும்தான் இருந்தது.

போகவேண்டாம் என்று சொன்னேன். காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று உலகமே சொல்கிறது, இந்த மனுஷி கையைக் கொண்டுபோய் முதலாளிக்கு முன்னால் நீட்டுகிறார்.

"கேட்டுச் செய்யிறதுதான் முறை பிள்ளை. அந்தத் தம்பி நல்லவர். பிரிச்சுத் தருவார்" என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் விபூதி பூசிக்கொண்டு வந்து, கோபிசங்கரின் அறைக் கதவைத் தட்டினார்.

கோபிசங்கர் நல்லவர்தான். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் ஞானமக்காவை இருக்கச் சொல்லி, முழுவதையும் கேட்டு, "அப்பிடியோ அன்ரி, இவ்வளவு கிடக்கோ, எனக்குத் தெரியாதே" என்று அதிசயப்பட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினார். அடுத்த கிழமை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பனிக்காகப் பதிவுசெய்யும் பயணங்களில் கிடைக்கும் சலுகைகள் யாவும் கம்பனிக்கே சொந்தம், இலண்டன் பங்காளிகளோடு கலந்து பேசி எடுத்த முடிவு, ஒத்துழைப்புக்கு நன்றி. ஞானமக்காவின் பெயர் அதில் இல்லை. கணக்கைக் கம்பனிப் பெயருக்கு மாற்றும்படி அவருக்கு மட்டும் தனியாக ஒரு வரி வந்தது. செத்தவீட்டுப் பொயின்ற்ஸும் சேர்ந்துதான் போனது. பிரிக்க முடியவில்லையாம்.

நான் எழுந்து முதலாளியின் அறைக்குள் போனேன்.

"சேர், நீங்கள் பறக்கிற மைல்ஸ் ஆருக்குப் போகுது?"

"எனக்கு. அது பறக்கிற ஆளுக்குத்தானே மேர்சி. எல்லா இடமும் அப்பிடித்தான்."

"ரிக்கெற்றுக்குக் காசு கம்பனிதானே கட்டுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். போன மார்கழியில் அந்த மைல்ஸில் மனைவி பிள்ளைகளோடு மாலைதீவு போய்வந்தவர். "அது வேறை, இது வேறை" என்றார். எப்படி வேறை என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே, வெளியே வந்துவிட்டேன். ஞானமக்கா கணக்கை மாற்றிக்கொண்டிருந்தார். "விடு பிள்ளை. நான் என்ரை காசிலை போறன். எவ்வளவு வரப்போகுது" என்றார். வீம்பெல்லாம் போய்விட்டது. பிள்ளையைப் பார்த்தால் போதும் என்ற இடத்துக்கு இறங்கிவிட்டார்.

அந்தக் கிழமையே ஓகஸ்றில் பத்து நாள் லீவு கேட்டார். அப்போதுதான் உண்மையான கதவு அடைபட்டது. ஓகஸ்ற் இலண்டன் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. நல்லூர்த் திருவிழாவும் வரும். பங்காளிகள் மனைவி பிள்ளைகள் மாமிமாரோடு ஊரே திரண்ட மாதிரி வந்திறங்குவார்கள். அவர்களுக்கு ரிக்கெற், வான், தங்குமிடம், தேர்த்திருவிழா அன்று பார்க்க நல்ல இடம், வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்கு டொக்ரர், எல்லாம் ஞானமக்காதான்.

"அன்ரி, ஓகஸ்ற் தவிர எந்த மாசமும் எடுங்கோ. ரெண்டு கிழமை எண்டாலும் தாறன். நீங்கள் இல்லாட்டி ஓகஸ்ற் ஓடாது" என்றார் கோபிசங்கர். அதைப் பாராட்டாக நினைத்துத்தான் சொன்னார்.

மகனுக்கு இலங்கை தவிர எல்லா நாடும் திறந்திருக்கிறது. தாய்க்கு ஓகஸ்ற் தவிர எல்லா மாதமும்.

சுகமில்லை, வருத்தம் என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். "பொய் சொல்லிப்போட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போறதோ" என்றார். அப்படியென்றால் வேலையை விடுங்கள் என்றேன். இரண்டு பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தபிறகு சொன்னார்:

"விட்டிட்டு? அவர் போனதுக்குப் பிறகு அந்த வீட்டிலை என்னோடை கதைக்கிறது ரீவி மட்டும்தான். இஞ்சை வந்தாத்தான் நாலுபேர் ஞானமக்கா எண்டு கூப்பிடுறீங்கள். இந்த வயசிலை எனக்கு ஆர் வேலை தருவினம்? அடுத்த வரியம் பார்ப்பம். தம்பி யதுசனுக்குச் சொல்லிப்போட்டன். பரவாயில்லை அம்மா எண்டவன்."

குனியக் குனியக் குட்டுவார்கள் என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். "ஓம், குட்டட்டும். நிமிர்ந்து நிக்கிறதுக்கும் பெலன் வேணுமெல்லே" என்றார்.

யூலை முடியும் தறுவாயில் கோபிசங்கர் என்னைக் கூப்பிட்டார். சென்னையில் ஒரு கம்பனியோடு சேர்ந்து வேலை செய்யப் பேச்சு நடக்கிறது, அவர்களுடைய கணக்குகளை நேரில் போய்ப் பார்க்கவேண்டும், ஓகஸ்றில் மூன்று நாள் போய்வாருங்கள் என்றார். ஞானமக்காவை அனுப்புங்கள், நான் வான்காரரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "கணக்குப் பார்க்க அன்ரியை எப்பிடி அனுப்பிறது மேர்சி?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்து, வெளியே பார்த்துச் சொன்னார்:

"அன்ரி, மேர்சிக்குச் சென்னைக்கு ஒரு ரிக்கெற். காசு கட்டவேண்டாம். அந்தப் பொயின்ற்ஸ் கிடக்குத்தானே, அதிலை போடுங்கோ."

ஞானமக்கா "ஓம் தம்பி" என்றார்.

அவருடைய பொயின்ற்ஸில், அவர் போகவிருந்த ஊருக்கு, அவர் போகவிருந்த மாதத்தில், அவருடைய கையாலேயே எனக்கு ரிக்கெற் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். என் பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் ஒரு பிழை இல்லாமல் அடித்தார். "யன்னல் கரையோ?" என்று கேட்டார். நான் போகமாட்டேன், எனக்கும் வருத்தம், ஏதாவது சொல்லி நிற்பாட்டுகிறேன் என்று அழுகிற குரலில் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம்கூட வந்தது.

"விசர்க் கதை கதையாதை. நீ போனால் அவனுக்கு ஏதும் குடுத்துவிடலாமெல்லே."

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் போகிறவர் தன் பெட்டியில் தன் உடுப்புக்கு இடம் வைப்பதில்லை. யாராவது ஏதாவது குடுத்துவிடுவார்கள். ஞானமக்கா குடுத்துவிட்டதில் என் பெட்டியே நிரம்பிவிட்டது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஐந்து பைக்குள் ஐந்து முறை சுற்றி. வேப்பம்பூ வடகம், எள்ளுருண்டை, பனம்பழத்துப் பினாட்டு, நல்லூர் விபூதி. பாரிசில் இதெல்லாம் கடையில் கிடைக்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெட்டியை நிறுத்துப் பார்த்து, கூடிப்போனதும் நான் என் சேலை இரண்டை எடுத்து வெளியே வைத்தேன்.

சென்னையில் வேலை எப்படியோ முடிந்தது. நான் போய் இறங்கியபோதே யதுசன் விமான நிலையத்துக்கு வந்து நின்றான். படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் நெற்றி ஏறி, மயிர் கொட்டி, எண்ணெய் தெறித்த தழும்பு இரண்டு கையிலும். என் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டான். கொஞ்சத் தூரம் நடந்தபிறகு, சிரித்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா வரேல்லை எண்டு தெரியும் அன்ரி. எண்டாலும் நீங்கள் வெளியிலை வரேக்கை உங்களுக்குப் பின்னாலை ஒருக்காப் பார்த்தனான்."

முதலாளியை, பங்காளிகளை, பிரெஞ்சு அரசாங்கத்தை, எங்கள் அரசாங்கத்தை, எல்லோரையும் மனத்துக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தங்கியிருந்த வாடகை அறைக்குப் போனோம். இரண்டு கட்டில் போட்ட அறை, தாய்க்கும் சேர்த்து எடுத்தது. இரண்டாவது கட்டிலில் விரிப்பு கசங்காமல் கிடந்தது. மிளகாய்த்தூள் பையை உடைக்காமலே முகர்ந்து பார்த்துவிட்டு, அதை அந்தக் கட்டிலில் வைத்தான். தாய்க்கு வீடியோ கோல் எடுத்தோம். ஞானமக்கா பலாலியில் இலண்டன்காரருக்காக வானோடு நின்றார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியோ, பேந்து எடுக்கிறன்" என்று மட்டும் சொன்னார். நான் திரும்பும் நாளில் யதுசன் தாய்க்கு ஒரு சேலை குடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனேன். சேலையைக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிவிட்டு, மேசை லாச்சிக்குள் வைத்தார். காலை முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை, இலண்டன் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல், டொக்ரரைத் தேடிக்கொண்டிருந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு என் மேசைக்கு வந்தார்.

"மேர்சி, ஒண்டு கேக்கட்டே. வீடியோவிலை முகம் தெரியுது. உயரம் தெரியேல்லை. போகேக்கை என்ரை காதளவுக்கு நிண்டவன். இப்ப எவ்வளவு?"

எழுந்து நின்று, கையை என் தலைக்கு மேலே தூக்கி, அவன் நின்ற உயரத்தில் பிடித்தேன். ஞானமக்கா பக்கத்தில் வந்து, என் கைக்குக் கீழே நின்றார். கழுத்தை நிமிர்த்தி, கைக்குக் கொஞ்சம் கீழே, முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"சப்பாத்தோடையோ?"

"ஓம் அக்கா."

"அப்ப கொஞ்சம் பதிச்சுப் பிடி."

கையைக் கொஞ்சம் கீழே பதித்துப் பிடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. "நல்ல வளத்தியாத்தான் வந்திருக்கிறான்" என்றார்.

உள்ளே இருந்து கோபிசங்கர் கூப்பிட்டார், "அன்ரி, வான் வந்திட்டுதோ?"

"இந்தா, வாறன் தம்பி" என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஞானமக்கா போனார். என் கை மேலேயே இருந்தது. அதை இறக்க எனக்கு மனம் வரவில்லை.